முதல் கவளம்

இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. சோலையப்பன் இலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க இனி ஒரு துளி இல்லை, ஆனாலும் கை நிற்கவில்லை. கை நின்றால் சோறு வரும், சோறு வந்தால் குழம்பு வரும், குழம்பு வந்தால் அவர் முதல் வாய் வைக்க வேண்டும், வைத்ததும் எதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். பீர் முகம்மது முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டுத் தயாராக இருந்தான். தவசி வாசல் பக்கம் நிற்கிற கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தான். "முப்பத்தெட்டுப் பேரு மாமா. அதுல எட்டுப் பேரு செல்லைத் தூக்கிப் படம் பிடிக்கான். சோத்தைப் படம் பிடிச்சா வயிறு ரொம்பிருமாக்கும்." ராக்கம்மா மெஸ் என்றால் இப்போது பெங்களூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ராஜபாளையத்தில் இறங்கி வழி கேட்டால் போதும், யாரும் கையைக் காட்டுவார்கள். மூன்று பேரும் மில்லில் வேலை பார்த்த காலத்தில் இது வெறும் தகரக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு மண் அடுப்பு. இப்போது டைல்ஸ் போட்டு, ஃபேன் போட்டு, கை கழுவ எட்டுக் குழாய் வைத்திருக்கிறாள். ஒன்றை மட்டும் அவள் மாற்றவில்லை. மேசையில் உப்பு வைக்க மாட்டாள். "என் கடையில உட்காந்து உப்புன்னு ஒருத்தன் கேட்டான்னா அன்னைக்கு நான் கரண்டியைக் கீழ வச்சிருவேன்" என்று சொல்லுவாள், சொல்லும்போது தலை கொஞ்சம் பின்னால் சாயும். அந்த வாசகத்தை ஒருவன் செல்லில் போட்டு, அதற்கு லட்சம் பேர் கைதட்டினார்களாம். பீர் சொன்னான். லட்சம் பேர். மில் கேன்டீனில் ஆயிரத்து நூறு பேர். அந்த ஆயிரத்து நூறு பேருக்கும் முன்னால் ஒரு ஆள், அது சோலையப்பன். கேன்டீன் கமிட்டி உறுப்பினர் என்று பெயர், வேலை என்னவோ இதுதான்: பதினோரு மணிக்கு ஸ்பின்னிங்கிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து, சமையல்காரர் நீட்டுகிற கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி வாயில் விட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்று, 'ஆகட்டும்' என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். இருபத்தாறு வருஷம். ஒரு தடவை அடிப்பிடித்த சாம்பாரைக் கொப்பரையோடு திருப்பி அனுப்பிவிட்டார், மேனேஜரே முக்கால் மணி நேரம் தட்டோடு நின்றார். மில் மூடி, கேன்டீன் இடிந்து, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்தாயிற்று. ஆனால் இந்த மேசையில் இன்றைக்கும் அவர் 'ஆகட்டும்' சொல்லாமல் பீரும் தவசியும் கை வைக்க மாட்டார்கள். விளையாட்டாக ஆரம்பித்தது. எப்போது விளையாட்டு இல்லாமல் போனது என்று தெரியவில்லை.

சோறு வந்துவிட்டது. நல்ல சூடு. ஆவி முகத்தில் அடித்தது. ஆவியோடு ஒரு வாசனை வரும், வடித்த சோற்றின் வாசனை, அது வருகிறது என்று அவருக்குத் தெரியும், எதிரே இருக்கிறவன் மூக்கு விரிகிறதே. அவருக்குச் சூடு மட்டும் வந்தது. சூடு தெரியும். மிளகாய் தெரியும், ஆனால் ருசியாக இல்லை, ஊசி குத்துகிறாற்போல. இந்த ஐந்து வருஷத்தில் அவர் கண்டுபிடித்த விஷயம் அது, காரம் என்பது ருசியே இல்லை, அது வலி. மற்றது எல்லாம் போயிற்று. சோறு என்பது நனைந்த பஞ்சு. மில்லில் மூக்கிலும் வாயிலும் போகுமே, அந்தப் பஞ்சு. ஆஸ்பத்திரி டாக்டர் வந்துவிடும் என்றார், ஆறு மாதம் என்றார், பிறகு ஒரு வருஷம் என்றார், அப்புறம் இவர் போகவில்லை. வீட்டில் தனியாக இருக்கிறவனுக்கு நாக்கு எதற்கு. ஒரு நாள் மாவு புளித்துப் பொங்கிக் கெட்டுப் போயிருந்திருக்கிறது, தெரியாமல் மூன்று தோசை தின்றுவிட்டு ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். இன்னொரு நாள் கேஸைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்க மறந்து ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, "தாத்தா, நாறுதே தெரியலையா" என்று கத்திக்கொண்டே ஜன்னலைத் திறந்தது. ஜலதோஷம் என்று சொன்னார். அதிலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேதான் சமையல். பயம். ஆனால் அதுகூடப் பெரிதில்லை. பீரோவில் மனைவி மாரிக்கனியின் சேலைகள் அப்படியே இருந்தன. முதல் வருஷம் திறக்கவில்லை. திறந்த அன்றைக்கு, பச்சையில் அரக்கு பார்டர் போட்ட சேலை, அவள் கோயிலுக்குக் கட்டுவது, அதை எடுத்து முகத்தில் வைத்தார். ஒன்றுமே இல்லை. கடையில் புதிதாக வாங்கின துணி மாதிரி இருந்தது. இன்னும் அழுத்தி வைத்தார். மூச்சு முட்டியதே தவிர அவள் வரவில்லை. அவள் அந்தச் சேலையில் இருக்கிறாள், இருந்துகொண்டே இருக்கிறாள், இவரால்தான் உள்ளே போக முடியவில்லை.

"என்ன மாப்ள, சோத்தையே பாத்துக்கிட்டிருக்க? பேசுதா அது?" என்றான் பீர். "ஆறட்டும்னு" என்றார். ஆறட்டும். ஐந்து வருஷமாக இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் அவன் மொபெட்டில் வந்து வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறான். மழையென்றாலும் வருவான். போன வருஷம் கண் ஆபரேஷன் ஆன ஒன்பதாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றான். "நீ ஓட்டு, நான் பின்னால உட்காந்து வழி சொல்லுதேன்" என்றான். இவன் எதற்கு இப்படி வருகிறான் என்று சில நேரம் தோன்றும். வராமல் இருந்தாலும் தேவலை என்றும் தோன்றும். வந்தால் இந்த நாடகம். முதல் வாய்க்கு இவர் பார்த்துச் சொல்ல யார் முகமும் கிடையாது, எல்லாரும் இவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் ராக்கம்மா கை தப்பாது என்ற தைரியத்தில் கண்ணை மூடி, திறந்து, 'ஆகட்டும்' என்று சொல்லிவிடுவார். அப்புறம் அவர்கள் சாப்பிட ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பீருக்கு இடது புருவம். நன்றாக இருந்தால் அது தன்னால் மேலே ஏறும். தவசிக்கு வேகம். பிடித்துவிட்டால் பேச்சு நின்றுவிடும், காரம் தூக்கலென்றால் தண்ணீர்த் தம்ளரை இலைக்குக் கிட்டத்தில் இழுத்து வைப்பான். அதை வைத்துக்கொண்டு, "காரம் இன்னைக்கு ஒரு மாத்து கூடத்தான்" என்று இவர் சொன்னால், "அதான பாத்தேன், இந்த நாக்கை இன்ஷூர் பண்ணி வைக்கணும்யா" என்று தவசி வியப்பான். இருபத்தாறு வருஷம் நாக்கால் செய்த வேலையை இப்போது கண்ணால் செய்கிறார். சொல்லிவிட்டால் என்ன? நாக்கு செத்துப் போச்சப்பா என்று ஒரு வார்த்தை. சிரிப்பார்கள், வருத்தப்படுவார்கள், தவசி நாட்டு மருந்து சொல்லுவான். அதற்கெல்லாம் பயமில்லை. அதற்கு அடுத்து யாராவது ஒருத்தன் கேட்பானே, எப்போதிலிருந்து என்று. அந்தக் கேள்விக்குத்தான் ஐந்து வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டிருப்பது. எப்போதிலிருந்து என்றால் ஒரு கிழமை சொல்ல வேண்டும். கிழமையைச் சொன்னால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தானாக எழுந்து நிற்கும், பிந்தின ஞாயிற்றுக்கிழமையும் நிற்கும்.

முந்தின ஞாயிறு பங்குனி கடைசி ஞாயிறு. கொரோனா இரண்டாவது தடவையாகக் கிளம்பிவந்த நேரம். கடைகளில் பாதி நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள், இன்னும் அடைக்கவில்லை. "இந்த வாரம் வேண்டாங்க. தெருவே இருமுது" என்றாள் கனி. சரியென்று கைலியைக்கூட மாற்றாமல்தான் உட்கார்ந்திருந்தார். பீர் வந்து ஹாரன் அடித்தான். "அரை மணி நேரம் மதினி. பத்திரமாக் கொண்டாந்து விட்டுருவேன். விரால் வந்திருக்காம், இவன் வந்து ஆகட்டும்னு சொல்லாம எங்களுக்கு எறங்காது." கனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போயிட்டு வாங்க, மூக்கை மூடிக்கிட்டு உட்காருங்க" என்றாள், மூக்கை மூடிக்கொண்டு எப்படித் தின்பது என்று அவளே சிரித்தாள். இதே மேசை. அன்றைக்கு விரால் குழம்பு கடைசியாக நாக்கில் பட்ட ருசி, அதனாலேயே அதை இன்னும் நினைத்துப் பார்க்கலாம், பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. சித்திரை முதல் நாளுக்கு மறுநாள், வியாழக்கிழமை, கனி கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். ஒரு வாய் வைத்தார். "உப்பே இல்லையே" என்றார். அவள், "போட்டேனே" என்றாள். "எங்க போட்ட?" என்றார். அதுதான் அவர் சொன்னது, அந்தக் குரலில்தான், கொப்பரையைத் திருப்பி அனுப்பின குரலில். அவள் ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷமாக அவர் சொல்லி அவள் மறுத்துச் சொன்னதில்லை, ஊருக்கே ருசி பார்த்தவர். தன் நாக்கை விட்டுவிட்டு அவர் நாக்கை நம்பினாள். உள்ளே போய் ஒரு கை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்தாள். அப்போதும் இல்லை. "இன்னும் பத்தல." இன்னொரு கை. அவர் பாதியில் எழுந்துவிட்டார். அவள் மிச்சத்தை ஊற்றிச் சாப்பிட்டதைப் பார்த்தார், ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் என்று செம்பைக் காலி செய்துவிட்டு மறுபடி மோந்துகொண்டு வந்தாள். வெயிலுக்குத் தாகம் போல என்று நினைத்தார். வெள்ளிக்கிழமையும் அதேதான். "எனக்கென்னமோ கை மறந்து போகுதுங்க" என்று அவள் சொன்னாள், அடுப்படியில் நின்று தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு அங்கே வார்டு வாசலில் ஒரு நர்ஸ், உங்களுக்கு மணம், ருசி தெரியுதா ஐயா என்று கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் கண்ணாடிக் கதவு சாத்தியாகிவிட்டது. அவளிடம் சொல்ல முடியவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பன்னிரண்டு நாள். கை மறந்துபோன பெண்பிள்ளையாகவே அவள் போய்ச் சேர்ந்தாள்.

"வந்துட்டேன்ணே" என்று ராக்கம்மாவே குழம்புச் சட்டியோடு வந்தாள். இந்த மேசைக்கு மட்டும் அவள் கையால்தான். பீர் இங்கே மீன் தவிர வேறு தொடமாட்டான், அதனால் முதலில் மீன் குழம்புதான் வரும். சோற்றில் குழி பறித்து ஊற்றினாள், விரால் நடுத்துண்டு ஒன்றைத் தேடி வைத்தாள். குழம்பு நல்ல நிறம். மேலே எண்ணெய் பிரிந்து நின்றது. கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பிசைந்தார், உருட்டினார், வாயில் வைத்தார். கண்ணை மூடினார். சூடு. ஊசி. பஞ்சு. மனதுக்குள் மூன்று எண்ணினார், கேன்டீனில் எண்ணுவது போலவே. கண்ணைத் திறந்து, "ஆகட்டும்" என்றார். ராக்கம்மா முகம் மலர்ந்தது. பீரும் தவசியும் இலையில் கை வைத்தார்கள். இப்போது அவர் முறை, பார்க்கிற முறை. பீர் முதல் வாய் வைத்தான். இடது புருவம் ஏறவில்லை. இறங்கவும் இல்லை. அப்படியே நின்றது. தவசி வாயில் போட்டதை மெல்லாமல் வைத்துக்கொண்டு பீரைப் பார்த்தான். பீர் இலையைப் பார்த்தான். தண்ணீர்த் தம்ளர் இருந்த இடத்திலேயே இருந்தது. என்ன அர்த்தம் இதற்கு? இந்த மாதிரி முகம் ஐந்து வருஷத்தில் பார்த்ததில்லை. காரம் குறைவோ. மீன் சேறு வாடை அடிக்கிறதோ. ஏதாவது சொல்ல வேண்டும், சும்மா இருந்தால் தப்பாகப் போய்விடும் என்று தோன்றி, "புளி லேசாத் தூக்கல். ஆனா உப்பு இருக்கு பாரு, அளவுன்னா அளவு, தராசு வச்சுப் போட்ட மாதிரி" என்றார். சொல்லி முடித்தபோது தவசி, "மாமா, இன்னைக்கு என்ன எங்களை வச்சு விளையாடுறீகளா?" என்று சிரித்தான், பாதிச் சிரிப்பு. பீர் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்திருக்க வேண்டும், தவசியின் உடம்பு ஒரு தரம் குலுங்கியது, சிரிப்பு நின்றது. அதே நேரம் பின் மேசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அங்கே வேறு ஆள் ஊற்றியிருப்பான் போல. "ஏக்கா! குழம்புல உப்பே இல்லையே! போட மறந்துட்டீகளா?"

செல்லைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒருவன் சட்டென்று இந்தப் பக்கம் திருப்பினான். ராக்கம்மா கரண்டி நுனியில் தொட்டு வாயில் வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. அடுப்படியைப் பார்த்து மருமகளைக் கூப்பிட்டாள், அங்கிருந்து ஏதோ பதில் வந்தது. "அவ போட்டிருப்பான்னு நான் விட்டுட்டேன், நான் போட்டிருப்பேன்னு அவ விட்டிருக்கா" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். பிறகு சோலையப்பனைப் பார்த்தாள். இதோ வருகிறது என்று அவர் நினைத்தார், காது சூடாகியது. ராக்கம்மாவின் கண் கலங்கியிருந்தது. "எண்ணே. தெரிஞ்சேதான சொன்னீக? இத்தனை பேருக்கு முன்னால நான் கேவலப்படக் கூடாதுன்னு உப்பில்லாததை முழுங்கிட்டு அளவா இருக்குன்னு சொன்னீகளே. கூடப் பொறந்தவன்கூடச் செய்ய மாட்டான்ணே." சட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போனாள். பின் மேசைக்காரன் தணிந்த குரலில், "பெரிய மனுஷன்யா" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது கேட்டது. தவசி, "அதான! நான் நினைச்சேன்! மாமாவுக்கு உப்புத் தெரியாமப் போகுமா?" என்று மேசையைத் தட்டினான். தப்பிக்க ஒரு கதவு திறந்துவிட்டது. வெளியே போய்விடலாம். தலையை மட்டும் ஆட்டினால் போதும், கொஞ்சம் சிரித்தால் போதும், இன்னும் பத்து வருஷத்துக்கு இந்த நாக்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நல்லவன் என்ற பெயர் வேறு. ராக்கம்மாவைக் காப்பாற்றினாராம். ஒரு பெண்பிள்ளை உப்புப் போடாததை, போட்டிருக்கிறாள் என்று சொன்னாராம். போடாதவளுக்குப் போட்டாய் என்று சொன்ன வாய். போட்டவளிடம் எங்கே போட்டாய் என்று கேட்ட வாய். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் இன்னும் நிற்கிறாள், ஐந்து வருஷமாக நிற்கிறாள், யாரும் போய் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தலையை ஆட்டவில்லை அவர். பீர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். புருவத்தை அல்ல, இப்போது கண்ணைப் பார்த்தார், எப்போதும் புருவத்தையே பார்த்துப் பார்த்து இந்தக் கண்ணை இத்தனை நாள் பார்க்கவே இல்லை போல. வயதான கண். ஆபரேஷன் ஆனதில் மட்டும் ஒரு மினுக்கம். "எப்போலேருந்து மாப்ள?" என்றான் பீர், மெதுவாக. வந்துவிட்டது. இத்தனை நாள் பயந்த கேள்வி, கேட்டு முடிக்க இரண்டு நொடிகூட ஆகவில்லை. "சித்திரை ரெண்டு" என்றார். குரல் யாருடையது போலவோ இருந்தது. "வியாழக்கிழமை." கிழமை பீருக்குள் இறங்குவதை இவர் பார்த்தார், முந்தின ஞாயிறு எழுந்து நிற்பதைப் பார்த்தார், அதற்கு அடுத்த ஞாயிறும். தவசிக்கு இன்னும் பிடிபடவில்லை, ஒருத்தர் முகத்திலிருந்து இன்னொருத்தர் முகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். "கனி உப்புப் போட்டிருந்தா, பீரு" என்றார் சோலையப்பன். "அவ போட்டிருந்தா. நான்தான் இல்லேன்னு சொன்னேன். ரெண்டு நாளும். அவ திரும்பத் திரும்பப் போட்டு அதை அவளே தின்னா." இவ்வளவுதான். இதைச் சொல்ல ஐந்து வருஷம். தவசி கையை இலையிலிருந்து எடுத்துவிட்டான். பீர் எச்சில் கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான், அன்றைக்குக் கனி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது போல. "வேண்டாம்னுதான மதினி சொன்னாக" என்றான். "கைலியோட உட்காந்திருந்த ஆளை ஹாரன் அடிச்சுக் கிளப்பிட்டு வந்தவன் நான்தான. பத்திரமாக் கொண்டாந்து விடுறேன்னு சொல்லிட்டு." கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்ற பீர் சோலையப்பனுக்கு ஞாபகம் வந்தான். மழையில் நனைந்த பீர். நூறு ஞாயிற்றுக்கு மேல் இருக்கும். அத்தனை ஞாயிறும் இரண்டு பேரும் ஒரே மொபெட்டில், ஒருவன் முதுகை ஒருவன் பார்த்துக்கொண்டு, ஒரே மாதிரி பாரத்தை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறார்கள். இல்லை, உன்னால் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தார். சொன்னாலும் அவன் நம்பப் போவதில்லை, இவரிடம் யாராவது சொன்னால் இவர் நம்புவாரா. ஃபேன் சுற்றியது. வாசலில் அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

ராக்கம்மா புதிதாக இலை போடச் சொன்னாள். மறுபடி தண்ணீர், மறுபடி சோறு. இந்தத் தடவை சோலையப்பன் இலையை ஒரே தரம்தான் துடைத்தார். குழம்பை ஊற்றிவிட்டு அவள் நகராமல் நின்றாள், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, பரீட்சை எழுதினவள் போல. தவசி வழக்கப்படி அவரைப் பார்த்தான், பிறகு பார்க்கக் கூடாதோ என்று தலையைக் குனிந்துகொண்டான். சோலையப்பன் பிசைந்து உருட்டினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "நீ பாரு பீரு" என்றார். ராக்கம்மா விழித்தாள். பீர் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தான். கண்ணை மூடினான். வெகு நேரம் மூடியே இருந்தான், மூடிய இமைக்கு ஓரத்தில் ஈரம் திரண்டது. "ஆகட்டும்" என்றான். சோலையப்பன் கையிலிருந்த கவளத்தை வாயில் வைத்தார். சூடு இருந்தது, ஊசி இருந்தது. உப்பு இருக்கிறதென்று பீர் சொன்னதை நம்பி மெல்ல ஆரம்பித்தார்.